தொட்டிலுக்கு மேலே ஒரு கண்

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை அமர்த்துவதென்றால் நாம் எத்தனை விசாரிக்கிறோம்! எந்த ஊர், யார் மூலமாக வந்தாள், முன்னே யார் வீட்டில் இருந்தாள், ஏன் நின்றுவிட்டாள் என்று நாலு பேரைக் கேட்டு, ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, அதன் பிறகுதான் தொட்டில் பக்கம் விடுகிறோம். ஆனால் அட்டைப் பெட்டியில் வருகிற கேமராவை மட்டும், பெட்டியைப் பிரித்த அரை மணி நேரத்தில் படுக்கை அறைச் சுவரில் ஏற்றிவிடுகிறோம். அது யாரோடு பேசும், பார்த்ததை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எங்கள் ஓசூரில் இந்தக் கேமராவுக்குத் தேவை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. சிப்காட்டில் வரிசையாக ஆலைகள். எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி. புருஷன் ஒரு ஷிப்டு, பெண்சாதி ஒரு ஷிப்டு. மாமியார் தர்மபுரியில், தாயார் திருப்பத்தூரில். ராத்திரி ஷிப்டுக்குப் போன தகப்பன், டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் பிள்ளை தூங்குகிறதா என்று போனில் பார்க்க ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. பார்க்கிறவர் அவர் ஒருவர்தானா என்பதுதான் கேள்வி.

2025 நவம்பரில் எங்கள் வட்டாரமே கலங்கிப் போன சமாசாரம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஓசூரை அடுத்த நாகமங்கலத்தில், டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கும் விடுதியில், குளியலறை ஒன்றில் ரகசியக் கேமரா இருந்தது தெரிய வந்தது. பெண்கள் ராத்திரியென்றும் பாராமல் வெளியே வந்து உட்கார்ந்து போராடினார்கள். விடுதியிலேயே தங்கியிருந்த ஒரு பெண்ணையும், பிறகு அவளுடைய ஆண் நண்பர் ஒருவரையும் போலீசார் கைது செய்தார்கள். குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். ஆனால் அன்றிலிருந்து இந்தப் பக்கத்துத் தாய்மார்கள், சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக் கண்டால்கூடப் பயப்படுகிறார்கள்.

பயப்பட வேண்டியதுதான். ஆனால் ஒளித்து வைத்த கேமராவுக்குப் பயப்படுகிற நாம், நாமே காசு கொடுத்து, ஆணி அடித்து மாட்டிய கேமராவைப் பற்றி யோசித்தோமா?

எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். அந்தப் பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு போய், மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பி வந்தாள். ஒரு நாள் முருங்கைக்கீரை கொடுக்கப் போனேன். சமையல்கட்டில், அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பச்சை உடம்புக்காரி, வியர்த்து வழிகிறது.

“ஏம்மா, ரூம்ல ஃபேன் போட்டுக்கிட்டுக் கட்டில்ல உட்காரக் கூடாதா?” என்றேன்.

“ரூம்ல கேமரா இருக்கும்மா” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. “அவரு மட்டும் பார்த்தா பரவால்ல. அத்தை போன்லயும் இருக்கு, கொழுந்தனார் போன்லயும் இருக்கு. பாப்பாவைப் பார்க்கணும்னு ஆசையாக் கேட்டாங்க, இவரும் குடுத்துட்டாரு. யாரு எப்போ பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா.”

எனக்குப் பகீரென்றது. தாய்ப்பால் சுரந்து இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் வேலை செய்ய வேண்டும். கூச்சமும் பதற்றமும் இருந்தால் அது தடைப்படும். நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுங்கள் என்று டாக்டர்கள் சும்மா சொல்வதில்லை. அந்த நிம்மதியைத்தான் இந்தப் பெண்ணுக்குச் சொந்த வீட்டிலேயே இல்லாமல் செய்திருந்தது, குழந்தையின் பாதுகாப்புக்கென்று வாங்கிய சாமான்!

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நல்ல பிள்ளை. “நம்ம வீட்டு ஆளுங்கதானேம்மா பார்க்கறாங்க?” என்றார்.

“சரி தம்பி, யார் யார் பார்க்கறாங்கன்னு போன்ல காட்டு பார்ப்போம்” என்றேன்.

கேமராவின் ஆப்பைத் திறந்து பட்டியலைக் காட்டினார். நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் அவர், ஒருவர் அவருடைய தாயார், ஒருவர் தம்பி. நாலாவது நம்பர்தான் அந்தக் கேமராவுக்குச் சொந்தக்காரர் என்று போட்டிருந்தது. அது யார் என்று கேட்டால், மாட்டிக் கொடுக்க வந்த கடைப் பையன்! “அன்னிக்கு சிக்னல் தடுமாறிக்கிட்டு இருந்துச்சும்மா. என் போனுக்கு ஓ.டி.பி. வரல. அவன் நம்பரையே போட்டு முடிச்சுக் குடுத்துட்டான்” என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

அந்தப் பையன் ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நினைத்தால் பார்க்கலாம். அவன் போன் தொலைந்தால், எடுத்தவனும் பார்க்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். நாலு பேர் இருந்த அந்தப் பட்டியலில், அந்த அறையிலேயே வாழ்கிற பெண்ணின் பெயர் இல்லை.

சகோதரிகளே, இந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயமும் தெளியும், வழியும் தெரியும். கேமரா பிடிக்கிற படம் முதலில் வீட்டு வைஃபை பெட்டிக்குப் போகிறது. பல கேமராக்களில் அங்கிருந்து கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அந்தக் கம்ப்யூட்டர் எந்த ஊரிலும் இருக்கலாம், எந்த தேசத்திலும் இருக்கலாம். அங்கிருந்துதான் போனுக்கு வந்து சேர்கிறது. ஆகவே இதற்கு நாலு கதவுகள்: கேமரா, வைஃபை பெட்டி, கம்பெனியில் உள்ள நம் கணக்கு, போன். வாசல் கதவை மட்டும் தாழ் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் என்ன பிரயோஜனம்? நாலையும் பார்க்க வேண்டும்.

முதல் கதவு கேமரா. 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியாயின. டாக்டரை நம்பிப் படுத்திருந்த பெண்களின் படங்கள் காசுக்கு விற்கப்பட்டன. அந்தக் கேமராக்களுக்கு ‘அட்மின்123’ என்கிற பாஸ்வேர்டு இருந்ததாகப் பின்னால் பத்திரிகைகளில் வந்தது. பெட்டியோடு வருகிற, உலகத்துக்கே தெரிந்த மாதிரியான பாஸ்வேர்டு! இதற்கும் முன்னால், 2016இல் ‘மிராய்’ என்று ஒரு கள்ள நிரல் புறப்பட்டது. கம்பெனிக்காரர்கள் போட்டு அனுப்பும் சுமார் 60 பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான கேமராக்களிலும் வைஃபை பெட்டிகளிலும் அது புகுந்துவிட்டது. அவற்றையெல்லாம் ஒரே சமயத்தில் ஏவிவிட்டதில், அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின. யார் வீட்டு வாசலிலோ தொங்கிய கேமராக்கள் செய்த வேலை அது. வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே கேமராவோ, கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியோ வீட்டுக்கு வந்தால், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். குழந்தை பெயரும் பிறந்த வருஷமும் வேண்டாம். அதை உறவுக்காரர் எல்லாரும் ஊகிப்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைக் கோத்து வையுங்கள். கோலமாவு, தேன்கனிக்கோட்டை, ஊஞ்சல், மூன்று பூரி என்கிற மாதிரி. நமக்கு மறக்காது, மற்றவர்க்குத் தோன்றாது. இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்ததை ஊரே படிக்கும்! ஆப்பில் ‘அப்டேட்’ வந்திருக்கிறது என்று சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். ஓட்டை விழுந்த இடத்துக்குக் கம்பெனி அனுப்பும் ஒட்டு அது.

இரண்டாவது கதவு வைஃபை பெட்டி. அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாஸ்வேர்டு இருக்கும். அதைக் கேபிள்காரர் பார்த்திருக்கிறார், முன்னே குடியிருந்தவர் பார்த்திருக்கிறார், எதிர் வீட்டுப் பையன் பரீட்சைக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறான். ஆலைப் பகுதிகளில் வருஷத்துக்கொரு வீடு மாறுகிறவர்கள் அதிகம். புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்சுகிற அன்றே இதையும் மாற்றுங்கள். முன்னே இருந்தவர்கள் விட்டுப்போன கேமரா எதுவும் தொங்கினால், மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்காரரைக் கேளுங்கள். பல பெட்டிகளில் விருந்தாளிகளுக்கென்று தனி இணைப்புக் கொடுக்கிற வசதி உண்டு. கேமரா, டி.வி., பேசும் ஸ்பீக்கர் ஆகியவற்றை அந்தத் தனி இணைப்பில் போட்டுவிட்டால், அவற்றில் ஒன்று கெட்டாலும் பாங்குக் கணக்கு இருக்கிற போன் பக்கம் வருவது கஷ்டம். கூடத்தில் உட்காரும் விருந்தாளியைப் பூஜை அறை வரை விடாத மாதிரி.

மூன்றாவது கதவு கம்பெனிக் கணக்கு. 2019 டிசம்பரில் அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாநிலத்தில் நடந்தது இது. ஒரு தாய் தன் பெண்களின் அறையில் ‘ரிங்’ கேமரா வாங்கி மாட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது. எட்டு வயதுப் பெண் அறைக்குள் போனபோது, கேமராவிலிருந்து ஓர் ஆண் குரல், “நான்தான் சாண்டா கிளாஸ், உன் சினேகிதன்” என்று பேச ஆரம்பித்தது! அறையைக் கலைத்துப் போடச் சொன்னது. குழந்தை அம்மாவைக் கூப்பிட்டு அலறியது. அந்த நாட்களில் இப்படிப் பல புகார்கள் வந்தபோது, வேறெங்கோ களவு போன பாஸ்வேர்டையே இங்கும் உபயோகித்தால் இப்படி நுழைய முடியும் என்று கம்பெனி விளக்கியது. அதனால் கேமராவுக்கு வைத்த பாஸ்வேர்டு வேறெதற்கும் வேண்டாம். பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்கும்படி ஆப்பில் ஏற்பாடு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு திருட்டுப் போனாலும் ஓ.டி.பி. உங்கள் கையில்தானே வரும்!

நாம் எல்லாம் சரியாகச் செய்தாலும், கம்பெனிக்குள்ளேயே இருக்கிறவர்களை என்ன செய்வது? அதே ‘ரிங்’ நிறுவனம், 2023 மே மாதம் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் ஊழியர் ஒருவர் 2017இல், பெண் வாடிக்கையாளர்களின் படுக்கை அறை, குளியலறை போன்ற இடங்களில் பதிவான ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பல மாதங்கள் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. இதற்கு நம் கையில் இருக்கிற மருந்து ஒன்றே ஒன்றுதான்: உடை மாற்றுகிற இடத்தில், குளிக்கிற இடத்தில், படுக்கிற இடத்தில், பால் கொடுக்கிற இடத்தில் கேமரா வேண்டாம். வாசலைப் பார்க்கட்டும், மாடிப்படியைப் பார்க்கட்டும். குழந்தையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் தொட்டில் மட்டும் தெரிகிற மாதிரி, கட்டில் தெரியாத மாதிரித் திருப்பி வையுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அணைத்து வையுங்கள். அல்லது துணி போட்டு மூடுங்கள். துணி போட்டாலும் ஒலி கேட்கும் என்பது ஞாபகமிருக்கட்டும்.

நாலாவது கதவு நம் போன்கள். இங்கே திருடன் வெளியாள் அல்ல. திருடன் என்றே சொல்ல முடியாது. மாமியாருக்குப் பேரப்பிள்ளை மேல் ஆசை, கொழுந்தனுக்கு அண்ணன் பிள்ளை மேல் ஆசை. ஆனால் பிள்ளையோடு சேர்ந்து அதன் தாயும் படத்தில் விழுகிறாள். “நம்ம வீட்டு ஆளுங்கதானே” என்று ஆண்கள் சொல்லும்போது, அவர்களிடம் நிதானமாகக் கேளுங்கள்: “உங்க ஆபீஸ்ல நாள் பூரா உங்களை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்? அதுவும் யாரு, எப்போன்னு தெரியாம?” பாதிப் பேருக்கு அதுவே போதும்.

மாடி வீட்டுத் தம்பிக்கும் அது போதுமாயிருந்தது. அன்று சாயங்காலமே கேமராவைக் கழற்றினார். அதன் பின்னால் ஊசித் துவாரம் மாதிரி இருக்கும் ரீசெட் பொத்தானைக் குச்சியால் அழுத்திப் பிடித்தார். அப்படியும் பழைய கணக்கு விடவில்லை. கடைப் பையனைக் கூப்பிட்டு, எதிரிலேயே அவன் போனிலிருந்து நீக்கச் சொன்னார். பிறகு கணக்கு மனைவியின் நம்பரில் ஏறியது. இப்போது யாரைச் சேர்ப்பது, யாரை எடுப்பது என்பது அவள் கையில். பாட்டிக்குப் பேத்தியைப் பார்க்க வேண்டுமா? சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறாள், பொட்டு வைத்துப் பூ முடித்துக் காட்டுகிறாள். பாட்டிக்கும் அதுதான் பிடித்திருக்கிறதாம், பேத்தி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறதே!

கேமரா மட்டும்தானா என்றால், இல்லை. பேசுகிற ஸ்பீக்கருக்குக் காது உண்டு. குழந்தைகளின் குரல் பதிவுகளை வேண்டாத காலம் வரை வைத்திருந்தது, பெற்றோர் அழிக்கச் சொன்னபோதும் முழுதாக அழிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில், ‘அலெக்சா’வை விற்கும் அமேசான் 2023இல் இரண்டரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த ஸ்பீக்கரின் தலையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், காது மூடிக்கொள்ளும். பொம்மைகளையும் விட்டுவிடாதீர்கள். ‘மை ஃபிரெண்ட் கேலா’ என்ற பேசும் பொம்மையை 2017இல் ஜெர்மனி தடை செய்தது. அது வேவு பார்க்கும் கருவிக்குச் சமம் என்று சொல்லி, வாங்கியவர்களை அழித்துவிடச் சொன்னார்கள்.

வாங்கும்போது ஒரு விஷயம். நம் நாட்டில் 2025 ஏப்ரல் 9 முதல், சி.சி.டி.வி. கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பிறகே விற்பனைக்கு வர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போய்ப் பேர் ஊர் தெரியாத கேமராவைச் சல்லிசாக வாங்கி வருகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. நூறு இருநூறு அதிகமானாலும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் பில்லும் கேட்டு வாங்குங்கள். மாட்டுகிறவர் கிளம்பும் முன், கணக்கு யார் நம்பரில் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பழசைப் பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன், ரீசெட் செய்து உள்ளே இருக்கும் சின்ன மெமரி கார்டை எடுத்துவிடுங்கள்.

விடுதியில் தங்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. அறையிலும் குளியலறையிலும் தேவையில்லாத இடத்தில் இருக்கும் பிளக், கடிகாரம், துணி மாட்டும் கொக்கி, புதிதாக வந்த பெட்டி எதுவானாலும் சந்தேகப்படுங்கள். விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸ் இருந்தால் சின்னதாக மின்னும். இருப்பது தெரிந்தால் பிடுங்கி உடைக்காதீர்கள், அது சாட்சி. படம் எடுத்துக்கொண்டு, நாலு தோழிகளைக் கூட வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வார்டனுக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பெண் தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில் அவளை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அவளே சம்மதித்து எடுத்த படமானாலும், பிறருக்குக் காட்டச் சம்மதிக்காதபோது பரப்பினால் அதுவும் குற்றம். “நீயும்தானே சம்மதிச்சே” என்று யாராவது மிரட்டினால் பயந்துவிடாதீர்கள். சைபர் குற்றங்களுக்கு 1930, பெண்கள் உதவிக்கு 181 என்று போன் நம்பர்கள் இருக்கின்றன. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம். எல்லையில் இருக்கிற நமக்கு இன்னொரு கவலை வரும். “சம்பவம் அத்திப்பள்ளியில், வீடு ஜூஜுவாடியில், எந்த ஸ்டேஷனுக்குப் போவது?” எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டமே சொல்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சமையல் வேலை முடிந்ததும், வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த ஆப்பைத் திறக்கச் சொல்லுங்கள். பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் படித்துப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.